காலியாக இருந்த கூடம்

பழைய வீடுகளைப் பற்றிப் பேசும்போது ஊஞ்சலைச் சொல்வார்கள், தூணைச் சொல்வார்கள், முற்றத்து மழையைச் சொல்வார்கள். கூடத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்த வெற்றுத் தரையை யாரும் சொல்வதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீடோ, திருநெல்வேலித் தெரு வீடோ, பட்டாலையும் வளவுமாக நீளும் செட்டிநாட்டு வீடோ, எதுவானாலும் கூடத்தில் நிரந்தரமாகக் கிடந்த சாமான்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு பெஞ்சு, ஒரு சாய்வு நாற்காலி, சுவரோரம் ஒரு மரப்பெட்டி, வசதி இருந்தால் விட்டத்தில் கோத்த ஊஞ்சல். மற்றதெல்லாம் மூலையில் சுருட்டி நிறுத்தியிருக்கும், இல்லையென்றால் பரணில் இருக்கும்.

ஆள் வந்தால் பாய் வரும். தெரிந்தவர் என்றால் கோரைப்பாய், சம்பந்தி வீட்டார் என்றால் ஜமக்காளம். சாப்பாட்டு வேளைக்கு அதே இடத்தில் நீளப் பந்திப்பாய் விரியும், இலை விழும். கை கழுவி வந்தால் தரை துடைத்து ஈரம் காய்ந்துகொண்டிருக்கும். இரவில் அங்கேயே வரிசையாகப் படுக்கை. புரட்டாசி பிறந்தால் கொலுப்படி. பெண் பார்க்க வருவதும், காது குத்துவதும், வளைகாப்பும் அந்தத் தரையில்தான். சாவு விழுந்தாலும் அங்கேதான் கிடத்துவார்கள். நகர்த்த வேண்டியது அநேகமாக ஒன்றுமே இருக்காது. நான்கைந்து அறைகள் செய்ய வேண்டிய வேலையை ஒரு கூடம் செய்தது என்றால், எதையும் நிரந்தரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளாததால்தான் செய்தது.

அப்படியானால் சுகம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கட்டடத்திலிருந்து. தடித்த சுவர் வெயிலை உள்ளே விடத் தாமதித்தது. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலே போனது. சிவப்பு ஆக்ஸைடு பூசிய தரையும் ஆத்தங்குடிக் கல்லும் சித்திரை மாதத்திலும் காலுக்குக் குளிர்ந்தன. திண்ணையில் தலை வைக்கச் சுண்ணாம்புச் சாந்திலேயே சாய்மானம் பிடித்து வைத்திருந்தார்கள். வீட்டோடு சேர்த்துக் கட்டிய இருக்கை அது, யாராலும் திருடிப் போக முடியாது. பாயும் சும்மா வந்ததில்லை. கோரை காற்றை விடும், வியர்வையைக் குடிக்கும். பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்வார்கள். மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கும் கல்யாணப் பாய்கள் அங்கிருந்து ஊர் ஊராகப் போயின. காவிரிப் பக்கத்தாருக்கு முசிறிக் கோரை. ஜமக்காளத்துக்கு ஈரோட்டுப் பக்கம் பவானி, அந்தப் பட்டைக் கோடுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்றைக்குப் பத்தமடைப் பாய்க்கும் பவானி ஜமக்காளத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. விரிக்கத்தான் தரை குறைந்துவிட்டது.

இந்த இடத்தில் பெருமூச்சு விட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. நான் நிறுத்த மாட்டேன். அந்த வெற்றுத் தரையில் எல்லாரும் சமமாக உட்காரவில்லை.

சாய்வு நாற்காலி பெரியவருடையது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே கித்தான் துணி தொங்கும் எளிய வகையானாலும் சரி, பிரம்பு பின்னி, காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள நீண்ட கைகள் வைத்த தேக்கு நாற்காலியானாலும் சரி, அவர் வெளியூர் போயிருந்தாலும் மகன் அதில் உட்கார மாட்டான். மருமகளுக்கு இடம் நிலைப்படிக்கு அந்தப் பக்கம். மாமனார் கூடத்தில் இருந்தால் அவள் அந்த வழியாக நடப்பதுகூட ஓரமாகத்தான். ஊரில் ஒரு பகுதி மக்களுக்குக் கூடம் என்ன, திண்ணைகூட இல்லை. வாசலில் நின்றே பேசிவிட்டுப் போக வேண்டும். தோப்பில் முகமது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைபோனாலும் அதிகாரத்தை விடாத ஒரு மனிதரைச் சொல்ல, அவர் அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தார். தமிழ் வாசகர் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆகவே நாற்காலி பெருகியதைக் கெட்ட செய்தியாக மட்டும் பார்க்க முடியாது. முதலில் அலுவலகங்களின் வழியாக வந்தன பிரம்பு நாற்காலியும் இரும்பு மடக்கு நாற்காலியும். பிறகு இரும்புக் கம்பிச் சட்டத்தில் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலி. ஒயர் அறுந்தால் வீட்டிலேயே பின்னிக்கொள்ளலாம். கூடை பின்னிய கைகளே நாற்காலியையும் பின்னின. கோடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முதுகில் கோடு கோடாகப் பதிந்திருக்கும்.

அந்த நாற்காலிகள் எதைப் பார்த்துப் போடப்பட்டன என்று கவனித்தால் அடுத்த மாற்றம் புரியும். அதுவரை ஒருவரையொருவர் பார்த்து, அல்லது வாசலைப் பார்த்து உட்கார்ந்தோம். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. எண்பதுகளில் கோபுரங்கள் எழ எழ மற்ற ஊர்களுக்கும் படம் வந்தது. தென் கடலோரத்தில் மொட்டை மாடி ஆன்டெனாவைத் திருப்பி இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்தவர்களும் உண்டு. சென்னையிலேயே செய்த சாலிடேர், டயனோரா பெட்டிகள் மரச் சட்டத்தோடும் இழுத்து மூடும் கதவோடும் வந்து கூடத்தின் தலைமாட்டில் அமர்ந்தன. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்துக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தரையில், வீட்டுக்காரர் நாற்காலியில். பெரியவரின் சாய்வு நாற்காலி முதல் முறையாகத் திருப்பிப் போடப்பட்டது. அதுவரை அவரைச் சுற்றித்தான் கூடம் அமைந்திருந்தது. இப்போது அவரும் பார்வையாளர்.

டிவிக்கு வீடு தேவைப்பட்டது. ஷோகேஸ் வந்தது. நடுவில் டிவி, மேல் தட்டில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, கன்னியாகுமரிச் சிப்பி, பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய கோப்பை, துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த கண்ணாடிக் கோப்பைகள். அவற்றில் யாரும் எதையும் குடித்ததில்லை. எதிரே ரெக்ஸின் போட்ட சோபா செட்: மூவர் உட்காரும் ஒன்று, தனி இருக்கை இரண்டு, மேலே குரோஷாவில் பின்னிய வெள்ளைத் துணி. சோபா என்பதே டிவி பார்க்கும் பெஞ்சாக நம் வீட்டுக்குள் நுழைந்தது என்பது என் எண்ணம். மேற்கத்திய வீடுகளில் கணப்பைச் சுற்றி, உரையாட வசதியாகப் போட்ட இருக்கை அது. நமக்குக் கணப்பும் தேவையில்லை, உரையாடல் திண்ணையில் நடந்துகொண்டிருந்தது. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பிறகு நாற்காலியே இல்லாத வீட்டிலும் டிவி இருந்தது. அங்கே பாய்தான் அதை நோக்கித் திரும்பியது.

படிநிலையை உண்மையில் உடைத்தது சோபா இல்லை, அதைவிடக் கேலிக்கு உள்ளான ஒரு பொருள்: ஒரே வார்ப்பில் வரும் பிளாஸ்டிக் நாற்காலி. ஹென்ரி மசோனே என்ற பிரெஞ்சுக்காரர் 1972-இல் வடிவமைத்த நாற்காலியிலிருந்து இந்த வகை உலகம் முழுக்கப் பரவியது. ஒன்றை வார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஒரு கையால் தூக்கலாம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், மழையில் போடலாம். தொண்ணூறுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் அது நுழையாத வீடும் பந்தலும் இல்லை. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது இன்னாருடைய நாற்காலி என்று சொல்ல முடியாத முதல் நாற்காலி அது. மருமகளும் உட்கார்ந்தாள், வாசலில் நின்றவரும் உட்கார்ந்தார். பாயைப் போலவே தேவைக்கு வந்து, தேவை முடிந்ததும் மூலைக்குப் போகத் தெரிந்த பொருள் என்பதால்தான் நம் வீட்டுக்கு அவ்வளவு எளிதில் பொருந்தியது என்று தோன்றுகிறது.

அடுக்குமாடி வீட்டு ஹாலில் போடும் சாமான்களுக்கு அப்படி ஒதுங்கத் தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பதினாறு அடி ஹால் என்றால் 160 சதுர அடி. ஒன்பதுக்கு ஆறு அடியில் ஓர் எல் வடிவச் சோபா, மூன்றடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் 36 சதுர அடி. நாலுக்கு இரண்டு டீப்பாய் 8. ஆறடி நீள டிவி யூனிட் 9. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மீதியில் வாசல் கதவு திறக்க வேண்டும், பால்கனிக்கு வழி வேண்டும், பெரும்பாலான வீடுகளில் சாப்பாட்டு மேசையும் அங்கேயேதான். நவராத்திரிக்கு ஏழு படி வைக்க நினைக்கும் குடும்பம் இரண்டு நாள் முன்பிருந்தே சோபாவை எந்த அறைக்குத் தள்ளுவது என்று பேச ஆரம்பிக்கிறது. துக்கம் நேர்ந்த வீட்டில், எல் வடிவச் சோபாவைக் கதவு வழியே வெளியேற்ற முடியாமல் நான்கு பேர் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு, துண்டு துண்டாகப் பிரியும் சோபா வாங்க வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கடையில் இதெல்லாம் தெரியாது. கடையின் கூரை உயரம், தரை விசாலம், ஏசி குளிர். அங்கே சிறியதாகத் தெரியும் சோபா லிப்டில் நுழையாது. வாங்கும் முன் பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்குத் தரையில் ஒட்டிவிட்டு ஒரு நாள் அதைச் சுற்றி நடந்து பார்ப்பதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை. நடக்கும் வழிக்கு இரண்டரை அடியாவது வேண்டும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் இடையே ஒன்றரை அடி இருந்தால் காபி டம்ளரும் எட்டும், முழங்காலும் இடிக்காது. டிவியின் நடுப்பகுதி உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில், தரையிலிருந்து மூன்றரை அடி வாக்கில் இருக்கலாம். நாம் ஐந்தடிக்கு மேல் ஆணி அடித்துவிட்டுக் கழுத்து வலிக்கு மருத்துவரைப் பார்க்கிறோம்.

வெளிநாட்டுப் பத்திரிகைப் படங்களில் இல்லாத இன்னொரு சட்டம் நமக்கு உண்டு: மின்விசிறி. ஹாலின் நடுவில் கொக்கி எங்கே இருக்கிறதோ அதன் காற்று விழும் வட்டத்துக்குள் உட்கார இடம் வேண்டும். சுவரோடு சுவராகச் சோபாவை ஒட்டிப் போட்டால் தரை மிச்சமாகும், வைகாசியில் வேர்த்து வடியும். மேற்குச் சுவர் மாலையில் அடுப்பாகச் சுடும், அதன் மேல் முதுகைச் சாய்ப்பதற்கில்லை. தென்மேற்கில் கனமான பொருள், கிழக்கோ வடக்கோ பார்த்து வீட்டுத் தலைவர் என்று வாஸ்து சொல்கிறவர்களும் கடைசியில் எலெக்ட்ரீஷியன் டிவி பாயிண்ட் வைத்த சுவருக்குப் பணிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பொருளில் செய்தது என்பதும் ஊரைப் பொறுத்தது. தோல் மாதிரி இருக்கும் செயற்கைத் துணி கடையில் பளபளக்கும். காற்றின் ஈரமும் வெப்பமும் அந்தப் பூச்சை மெல்ல உடைத்துவிடும். சில வருடங்களில் செதில் செதிலாக உரிந்து வேட்டியில் ஒட்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர வீடுகளில் பெயின்ட் சரியில்லாத இரும்புக் கால் முதலில் போகும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் உப்பும், திரும்பாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைத் தெருக்களில் குவிந்து கிடந்தவற்றில் இப்படி ஊதிப்போன அலமாரிகளும் சோபாக்களும் ஏராளம். நல்ல தேக்கும் வேம்பும் கழுவிக் காயவைத்து பாலிஷ் போட்டால் மறுபடி எழுந்து நின்றுவிடும். மெத்தையைக் கையால் அழுத்திப் பார்ப்பது போதாது. நுரையின் டென்சிட்டி என்ன என்று கேளுங்கள். உட்காரும் இடத்துக்கு 40, முதுகுக்கு 32 என்று சொல்கிற கடைக்காரர் விஷயம் தெரிந்தவர்.

ஆசாரி வீட்டுக்கே வந்து, வாசலில் மரம் இழைத்து, இரண்டு வாரம் நம் வீட்டுக் காபி குடித்துச் செய்துகொடுத்த காலம் அநேகமாகப் போய்விட்டது. அந்தக் காலத்துப் பொருள்கள் வேறு வழியில் திரும்பி வருகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பர்மாத் தேக்கில் செய்த செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் அடுக்கிக் கிடக்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து வாங்கிப்போகிறார்கள். ஒரு வீட்டின் ஜன்னல் கதவு இன்னொரு வீட்டில் கண்ணாடி போட்ட டீப்பாய், தூணின் தலைப்பகுதி விளக்குத் தண்டு, தானியப் பெட்டி டிவிக்குக் கீழே. பார்க்க அழகுதான். மறுக்கவில்லை. கனத்தைத்தான் யோசிக்க வேண்டும். அந்தப் பெட்டியை நகர்த்த இரண்டு ஆள் போதாது. காலியாக இருந்த கூடத்தின் நினைவாக நாம் வாங்குவது, அந்தக் கூடத்தில் இருந்தவற்றுள் மிகக் கனமான பொருளை.

இவ்வளவு செலவழித்த பிறகு வீட்டுக்காரர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு சாயங்காலம் கவனியுங்கள். அம்மா தரையில், சோபாவில் முதுகைச் சாய்த்து, முன்னால் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். பையன் தரையில் லேப்டாப்போடு. சோபாவின் மேல் காய்ந்த துணி மடிக்கக் காத்திருக்கும். அப்பா மட்டும் மேலே, அவரும் காலை மடக்கிச் சம்மணமிட்டு. அதனால்தான் இப்போதைய 24 அங்குல ஆழச் சோபா நம்மில் பலருக்கு ஒத்துப்போகிறது. காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறவருக்கு அது ஆகாது. ஐந்தடி உயரமுள்ள பெண் அதில் முதுகைச் சாய்த்தால் பாதம் தரையைத் தொடாது, பாதம் தொட்டால் முதுகுக்கு ஆதாரம் கிடையாது. சம்மணமிட்டால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது. தரையில் உட்காருவதை நாம் விடவில்லை, தரையைப் பதினாறு அங்குலம் உயர்த்தி அதற்கு மெத்தை போட்டுக்கொண்டோம்.

மாட்டிக்கொள்வது வீட்டில் வயதானவர். முழங்கால் மடங்காது, பாயும் இல்லை. தாழ்வான, அமுங்கிப்போகும் சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். அதனால் பாட்டி எல் வடிவச் சோபாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறார். பழைய கூடத்தில் நாற்காலியில் உட்கார உரிமை இல்லாதிருந்தவர், புதிய ஹாலில் உட்காரத் தோதான இருக்கை இல்லாமல் இருக்கிறார். விருந்தாளி வந்தால் அந்த நாற்காலி பால்கனிக்குப் போகிறது, ஹாலின் அழகுக்குப் பொருந்தாதாம். பாட்டி கட்டிலறைக்குப் போகிறார்.

ஹாலுக்கு முதலில் வாங்க வேண்டியது அவருடைய நாற்காலி என்பேன். சோபாவின் நிறம், திரைச்சீலை எல்லாம் பிறகு. இரண்டு பக்கமும் பிடித்து எழ மரக் கை, கெட்டியான இருக்கை, நேரான முதுகு, நகர்த்தும் கனம். போடும் இடம் மின்விசிறிக் காற்று எட்டும் ஜன்னலோரம், வாசலில் வருவது யார் என்று தெரிகிற திசையில். கடையில் கேட்டால் பட்டனை அழுத்தினால் சாயும் ரிக்ளைனரைக் காட்டுவார்கள். தெருவில் ஒரு மரப்பட்டறை இன்னும் இருக்கும், அங்கே சொன்னால் ஆள் அனுப்புவார்கள். ஆசாரி டேப்போடு வரும்போது பாட்டியை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, செருப்பில்லாத காலின் குதியிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளக்கச் சொல்லுங்கள். அதோடு ஓர் அங்குலம் கூட்டிக்கொண்டால் உயரம் சரியாக வரும்.